லாபியைப் பற்றி எழுத வருகிறவர்கள் சறுக்கும் இடங்கள்

சட்டங்கள் தமக்குச் சாதகமாக அமைய உறுப்பினர்களையும் அதிகாரிகளையும் வசப்படுத்த முயல்கிற லாபி குழுக்களுக்குச் சட்டசபைகளில் உள்ள செல்வாக்கை எழுதப் புதிதாக வருகிறவர்களின் வரைவுகளைத் திருத்துவது என் வேலை. நான் ஆரம்பத்தில் சறுக்கிய அதே இடங்களில்தான் அவர்களும் சறுக்குகிறார்கள். பெயர்ப் பிழை, எண் பிழை பற்றியெல்லாம் இங்கே பேசப்போவதில்லை.

நன்கொடைப் பட்டியலையும் வாக்குப் பட்டியலையும் ஒட்டவைப்பது

இன்றும் எரிச்சலூட்டுவது இதுதான். ஒரு பக்கம் யாருக்கு எவ்வளவு நன்கொடை, மறுபக்கம் யார் எப்படி வாக்களித்தார், நடுவில் ஒரு கோடு. ‘விலைபோனார்’ என்று தலைப்பு. அண்மையில் ஓர் இளைஞர் இப்படியொன்றைக் கொண்டுவந்தார். அவர் குறிவைத்த உறுப்பினரோ, அந்தப் பணம் வருவதற்குப் பல ஆண்டுகள் முன்பே சபையில் அதே கருத்தைப் பேசியவர்! குழுக்கள் பெரும்பாலும் ஏற்கெனவே தம் பக்கம் சாய்ந்தவர்களுக்குத்தான் கொடுக்கின்றன. பணத்தால் மனம் மாறியதா, மனம் பார்த்துப் பணம் வந்ததா என்று காட்டாமல் எழுதினால் மறுநாளே மறுப்பு வரும். கட்டுரையில் சரியாக இருந்த பகுதியையும் பிறகு யாரும் நம்பமாட்டார்கள்.

அதைவிடப் பெரிய நஷ்டம், வாக்கெடுப்பையே பார்த்துக்கொண்டிருந்து, காரியம் நடந்த இடத்தைக் கோட்டைவிடுவது. அமெரிக்காவில் முக்கியமாக முதியோருக்கான அரசு மருத்துவக் காப்பீடு மெடிகேர்; அதன் 2003 மருந்துச் சட்டத்தை எடுத்துக்கொள்ளுங்கள். நவம்பர் 22 அதிகாலை, பிரதிநிதிகள் சபையில் வாக்கெடுப்பை ஏறக்குறைய மூன்று மணி நேரம் இழுத்து, 220–215 என்று முடித்தார்கள். பத்திரிகைகளுக்கு நல்ல தீனி. மருந்து நிறுவனங்களுக்கு வேண்டியதோ உள்ளே இருந்த ஒரு ஷரத்து: மருந்து விலைப் பேரத்தில் அரசு தலையிடக் கூடாது. அந்த 220 பேரில் யார் அந்த ஷரத்துக்காக வாக்களித்தார் என்று எந்தப் பட்டியலும் சொல்லாது. சட்டத்தை உருவாக்கியதில் முக்கியப் பங்கு வகித்த, பிரதிநிதிகள் சபைக் குழு ஒன்றின் தலைவர் பில்லி டாசின், 2005-இல் மருந்து நிறுவனங்களின் சங்கத்துக்கே தலைவரானார். தடை ஓரளவு தளர்ந்தது 2022-இல்தான். பேரம் பேசி முடித்த முதல் 10 மருந்துகளின் விலை அமலுக்கு வந்தது 2026-இல்.

ஆகவே மசோதாவின் வரைவுகளை அடுத்தடுத்து வைத்துப் படியுங்கள். எந்த வரி எப்போது நுழைந்தது, அதற்கு முன் யார் யாரைச் சந்தித்தார் என்று தேடுங்கள். தூக்கம் வரும் வேலைதான்.

சட்டம் நிறைவேறியதும் கோப்பை மூடுவது

அமெரிக்காவில் வங்கிகள் தம் சொந்த லாபத்துக்காகச் சந்தையில் பந்தயம் கட்டுவதைத் தடுக்கும் வோல்க்கர் விதிக்கு 2010 ஜூலையில் சட்டம் வந்தது. அதை நடைமுறைப்படுத்தும் விரிவான விதி இறுதியானது 2013 டிசம்பரில். எது சொந்த வியாபாரம், எது வாடிக்கையாளருக்கானது என்ற வரையறைச் சண்டை அந்த இடைவெளியில்தான் நடந்தது. செய்தியாளர் கூட்டம் கலைந்த பிறகும் வங்கிகளின் வழக்கறிஞர்கள் கலையவில்லை.

தலைகளை எண்ணுவது

கூட்டம் பெரிது என்பதாலேயே பலமும் பெரிதாகிவிடாது. பொருளியலாளர் மான்சர் ஓல்சன் 1965-லேயே காரணம் சொல்லிவிட்டார். சிறு குழுவில் ஆளுக்குக் கிடைக்கும் பங்கு பெரிது, எனவே மெனக்கெடுவார்கள். கோடி நுகர்வோருக்கு ஆளுக்குச் சில காசுதான் நஷ்டம். அதற்காக யார் மனு எழுதுவார்?

லாபி என்றாலே வில்லன்

தொழிற்சங்கமும் தட்டுவது அதே கதவைத்தான்.

அமைப்பின் பெயரை நம்புவது

நம்பாதீர்கள், வரவுக் கணக்கைக் கேளுங்கள். 1990-களில் அமெரிக்காவில் புகைபிடிப்போர் உரிமைக்காகக் குரல்கொடுத்த ‘தேசிய புகைபிடிப்போர் கூட்டணி’க்குப் பணம் கொடுத்தது பிலிப் மோரிஸ் சிகரெட் நிறுவனம்.