சுகர் மெஷின் வாங்கும் முன் ஸ்ட்ரிப் கிடைக்குமா என்று பாருங்கள்

காரைக்குடி, தேவகோட்டைப் பக்கம் பல வீட்டு அலமாரியில் ஒரு குளுக்கோமீட்டர் சும்மா கிடக்கும். மெஷின் கெட்டிருக்காது. ரத்தத் துளியைத் தொட்டுப் பார்க்கும் ஸ்ட்ரிப் தீர்ந்திருக்கும், அது ஊரில் கிடைத்திருக்காது. ஒரு கம்பெனி ஸ்ட்ரிப் இன்னொரு கம்பெனி மெஷினுக்குச் சேராது. ஒரே கம்பெனியிலும் மாடல் மாறினால் பெரும்பாலும் ஸ்ட்ரிப்பும் மாறும்.

1. எத்தனை தடவை பார்ப்பது?
டாக்டரிடம் கேட்டுச் சீட்டில் எழுதி வாங்குங்கள். மாத்திரை மட்டும் சாப்பிடுபவருக்கு வாரம் இரண்டு தடவையே போதலாம். நாலு வேளை இன்சுலின் போடுபவருக்கு ஒரு நாளைக்கே நாலு தேவைப்படும்.

2. ஸ்ட்ரிப் கணக்கு
ஒரு ஸ்ட்ரிப் 20 ரூபாய் என்று வையுங்கள். தினம் ஒன்று என்றால் மாதம் 600, நாலு என்றால் 2,400. மெஷினை இனாமாகவே கொடுத்தாலும் இந்தச் செலவு குறையாது. வீட்டுப் பக்கத்து இரண்டு மருந்துக் கடைகளில் எந்த ஸ்ட்ரிப் எப்போதும் இருக்கும் என்று கேட்டு, அதற்கான மெஷினை வாங்குங்கள். சில மெஷினில் புது ஸ்ட்ரிப் டப்பா திறக்கும்போது அதோடு வரும் சின்ன 'கோட் சிப்'பைச் செருக வேண்டும்; அது தேவையில்லாத மாடல்தான் என் தேர்வு. சிப் மாற்ற மறந்தால் அளவு தப்பாக வரும்.

50 ஸ்ட்ரிப் டப்பா மலிவாகத் தெரியும். ஆனால் திறந்த டப்பாவுக்குப் பல பிராண்டுகளில் மூன்று மாதம்தான் ஆயுள், சிலவற்றில் ஆறு. வாரம் இரண்டு பார்ப்பவர் மூன்று மாதத்தில் 26 தான் செலவழிப்பார், பாதி வீண். அவர்கள் 25 டப்பா வாங்குங்கள். திறந்த தேதியைப் பேனாவால் மூடியில் எழுதுங்கள்.

அச்சிட்ட விலை உச்ச விலைதான், தள்ளுபடி கேட்கலாம். மக்கள் மருந்தகம், முதல்வர் மருந்தகம் இரண்டிலும் விசாரியுங்கள். 'ஜன் ஔஷதி சுகம்' செயலியில் பக்கத்து மக்கள் மருந்தகமும் விலையும் தெரியும். இருப்பை போனில் கேட்டுவிட்டுப் பஸ் ஏறுங்கள்.

3. வாங்க வசதி இல்லையென்றால்
30 வயதுக்கு மேற்பட்டவர்களுக்கு ஆரம்ப சுகாதார நிலையத்தில் சர்க்கரைப் பரிசோதனை இலவசம். 2021 ஆகஸ்டில் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில் மாத்திரை வீட்டுக்கே வரும். நடக்க முடியாத பெரியவர்களின் பெயரைச் சேர்க்க ஊர் செவிலியரிடம் சொல்லுங்கள். விவரத்துக்கு 104.

4. விரல் குத்துவது
அளவு தப்புவது இங்கேதான். கந்தரப்பம் பிட்ட விரலில் ஒட்டிய பாகு கண்ணுக்குத் தெரியாது, ரத்தத் துளியோடு சேர்ந்து அளவைத் தாறுமாறாக ஏற்றிவிடும். மாம்பழம் நறுக்கிய கையும் அப்படித்தான். "அப்பத்தா, கையக் கழுவிட்டு வாங்க" என்று ஒவ்வொரு தடவையும் சொல்லுங்கள். சோப்புப் போட்டு வெதுவெதுப்பான தண்ணீரில் கழுவி, நன்றாகத் துடைக்க வேண்டும். விரல் ஈரமாக இருந்தால் ரத்தம் நீர்த்து அளவு குறையும். ஸ்பிரிட் தடவினாலும் காயும்வரை பொறுங்கள்.

விரல் நுனியின் நடுவில் குத்தாமல் பக்கவாட்டில் குத்துங்கள், வலி குறைவு. ஊசி குத்தும் பேனாவை நடு ஆழத்தில் வைத்து ஆரம்பியுங்கள். உழைத்துக் காய்த்த கை என்றால் ஒரு படி கூட்டுங்கள். ரத்தம் வரவில்லையென்று விரலைப் பிழியாதீர்கள், திசு நீர் கலந்துவிடும். கையைத் தொங்கவிட்டு அரை நிமிடம் உதறினால் கடுகளவு துளி தானாகத் திரளும். துளியை ஸ்ட்ரிப்பின் ஓரத்தில் தொட்டால் அதுவே உறிஞ்சிக்கொள்ளும். மேலே சொட்டவிட்டால் எர்ரர் வந்து ஒரு ஸ்ட்ரிப் போகும்.

ஊசி ஒருவருக்கு மட்டும். புருஷன் பெண்சாதியாக இருந்தாலும் பேனாவைப் பகிராதீர்கள், மஞ்சள் காமாலைக் கிருமி பரவும். குத்திய ஊசியைக் கெட்டியான பிளாஸ்டிக் பாட்டிலில் போட்டு மூடுங்கள்.

5. லேபோடு ஒப்பிடுங்கள்
லேபில் வெறும் வயிற்றில் ரத்தம் எடுக்கும் அதே நேரத்தில் விரலிலும் பாருங்கள். லேப் 120 காட்டினால் மெஷின் 102 முதல் 138 வரை காட்டலாம், அந்த 15 சதவீத வித்தியாசம் ஏற்கத்தக்கது. சாப்பிட்ட பின் ஒப்பிடாதீர்கள், அப்போது விரல் ரத்தத்தில் இயல்பாகவே கூடுதலாக இருக்கும். ரத்தசோகை இருந்தாலும் பல மெஷின்கள் கூட்டிக் காட்டும்.

6. வைக்கும் இடம்
பெரும்பாலான ஸ்ட்ரிப்புக்கு 30 டிகிரிதான் எல்லை. நம் ஊர் சித்திரை வெயிலில் அடுப்படி, கார், முகப்புத் திண்ணை எதுவும் ஆகாது. வீட்டின் உள்ளறை அலமாரியில் வையுங்கள். ஃபிரிட்ஜ் வேண்டாம், வெளியே எடுத்ததும் ஈரம் கோக்கும்.

பிறகு சேர்த்தது: சிங்கப்பூர், மலேசியா மெஷின்
அங்கிருந்து பிள்ளைகள் வாங்கி வரும் மெஷின் மில்லிமோல் கணக்கில் காட்டும். 18 ஆல் பெருக்கினால் நம் மில்லிகிராம் கணக்கு. 7 என்றால் 126, 12 என்றால் 216. 3.9 என்றால் 70. அதற்குக் கீழே போனால் உடனே மூன்று தேக்கரண்டி சர்க்கரையைத் தண்ணீரில் கரைத்துக் குடித்து, 15 நிமிடம் கழித்து மறுபடி பாருங்கள். பல மெஷின்களில் கணக்கை மாற்றும் வழியே கிடையாது. வருகிறவர்களிடம் மெஷின் வேண்டாம் என்று முன்பே சொல்லிவிடுங்கள்.

கையில் ஒட்டும் சென்சார்
நாலு வேளை இன்சுலின் போடுபவர், டைப் 1 குழந்தைகள், சர்க்கரை இறங்குவதே தெரியாதவர் ஆகியோருக்கு, ஒவ்வொரு தடவையும் குத்தாமல் சர்க்கரையைத் தொடர்ந்து காட்டும் இந்தச் சென்சாரைத்தான் சிபாரிசு செய்வேன். 14 நாள் சென்சார் என்றால் மாதத்துக்கு இரண்டுக்கு மேல் வேண்டும். போனில் பார்ப்பதாக இருந்தால், பணம் கட்டும் முன் உங்கள் போன் மாடலை அந்தச் செயலி ஏற்கிறதா என்று பாருங்கள். முதல் நாள் அளவு கொஞ்சம் தடுமாறும். அந்தக் கைப்பக்கம் அழுத்திப் படுத்தால் இல்லாத இறக்கத்தைக் காட்டும். உடம்பு சொல்வதும் சென்சார் சொல்வதும் பொருந்தாவிட்டால் விரலில் குத்திப் பார்த்துவிட்டுத்தான் இன்சுலின் போட வேண்டும்.