ஆஷ்காஷுக்கு உங்கள் செஸ்னாவை நீங்களே ஓட்டிப் போவது எப்படி

நான்கு வருடம் கிளம்பியிருக்கிறேன். மூன்று வருடம்தான் ஆஷ்காஷில் இறங்கியிருக்கிறேன். மீதி ஒரு வருடம், தெற்கே ஃபாண்ட் டு லாக் விமானத்தளத்தில் இறங்கி, முன்பின் தெரியாத ஒரு பைலட் தம்பதியின் காரில் தொற்றிக்கொண்டு போய்ச் சேர்ந்தேன். இதை முதலிலேயே சொல்லிவிடுவது நல்லது. இறங்கியே தீருவேன் என்று வீம்பு பிடிப்பவர்களுக்கு இந்தப் பயணம் ஒத்துவராது.

விஷயம் தெரியாதவர்களுக்கு: ஒவ்வொரு ஜூலைக் கடைசியிலும் அமெரிக்காவில் விஸ்கான்சின் மாநிலத்தின் ஆஷ்காஷ் நகரத்தில் ஒரு வாரம் விமானத் திருவிழா நடக்கும். பெயர் ஏர்வென்ச்சர், நாங்கள் யாரும் அப்படிச் சொல்வதில்லை, ‘ஆஷ்காஷ்’ என்றாலே அதுதான். பால் போபரெஸ்னி என்பவர் 1953-இல் மில்வாக்கியில், வீட்டிலேயே விமானம் கட்டுகிறவர்களுக்காக ஆரம்பித்த சங்கம் இதை நடத்துகிறது. 1959 முதல் பத்து வருடத்துக்கு மேல் பக்கத்து இல்லினாய்ஸ் மாநிலத்து ராக்ஃபோர்டில் நடந்து, 1970-இல் ஆஷ்காஷுக்குப் போனது. நான் விமானம் நிறுத்தியிருப்பது ராக்ஃபோர்டு பக்கம்தான். எங்கள் ஹேங்கர் (விமானக் கொட்டகை) தாத்தாக்கள் இன்னும் அந்தக் கதையைச் சொல்லிப் பெருமூச்சு விடுவார்கள். திருவிழா சமயத்தில் அந்த வட்டாரத்துக்கு வந்து போகும் விமானங்கள் பத்தாயிரத்தைத் தாண்டும். அந்த வாரம் உலகத்திலேயே ஓயாமல் வேலை பார்க்கும் கண்ட்ரோல் டவர் ஆஷ்காஷ் டவர்தான்.

என்னிடம் இருப்பது 1975-ஆம் வருடத்து செஸ்னா 172, ஒற்றை எஞ்சின் வைத்த சின்ன விமானம். நாலு பேர் கூட்டாக வாங்கியது. எனக்குக் கால் பங்கு. லைசென்ஸ் வாங்கச் சட்டப்படி 40 மணி நேரம் பறந்திருந்தால் போதும். எனக்கு 71 ஆனது, அதில் வெட்கமும் இல்லை. ஆனால் லைசென்ஸ் கையில் வந்த மறு மாதமே ஆஷ்காஷுக்குக் கிளம்ப வேண்டாம். இரண்டு வித்தைகள் கைக்கு வந்த பிறகு போங்கள்.

ஒன்று, ஒரே வேகத்தில், ஒரே உயரத்தில், ஒரு கோட்டைப் பிடித்துப் போவது. கேட்க அல்பமாக இருக்கும். ஒரு சாயங்காலம் உங்கள் ஊரிலேயே நேரான ரயில் பாதை ஒன்றைத் தேடி, தரையிலிருந்து 1,000 அடி உயரத்தில், 90 நாட் (மணிக்கு 90 நாட்டிக்கல் மைல்) வேகத்தில் 10 மைல் போய்ப் பாருங்கள். வேகம் ஐந்து கூடும், உயரம் எண்பது குறையும், பாதை இறக்கைக்கு அடியில் ஒளிந்துகொள்ளும். என் விமானத்தின் வேகமுள் சாதாரண மைலில் காட்டுவது. 90 நாட் என்றால் மணிக்கு 104 மைல். அந்த இடத்தில் கண்ணாடி மேல் சிவப்பு நெயில் பாலிஷ் ஒரு பொட்டு வைத்தேன். கூட்டாளிகள் மூன்று பேரும் முணுமுணுத்தார்கள், இன்னும் அழிக்கவில்லை. எஞ்சினை 2,200 ஆர்பிஎம் பக்கம் வைத்தால் முள் அந்தப் பொட்டிலேயே நிற்கிறது. உங்கள் விமானத்துக்கு எந்த எண் என்று வீட்டிலேயே கண்டுபிடித்து எழுதிக்கொள்ளுங்கள். அங்கே போய்த் தேட நேரம் இருக்காது.

இரண்டாவது, சொன்ன இடத்தில் இறங்குவது. ஆஷ்காஷ் ரன்வேயில் பெரிய வண்ணப் புள்ளிகள் வரைந்திருப்பார்கள். ‘பச்சைப் புள்ளியில் இறங்கு’ என்பார் டவர்காரர். உங்களுக்கு முன்னால் ஒருவர் ஆரஞ்சில் இறங்கி ஓடிக்கொண்டிருப்பார், பின்னால் வருபவருக்கு வேறொரு புள்ளி. ஒரே ரன்வேயில் ஒரே சமயத்தில் மூன்று விமானம். கடைசி நொடியில், ‘இறங்காதே, அப்படியே பறந்து அடுத்த புள்ளிக்குப் போ’ என்றும் சொல்வார்கள். அப்போது ரன்வேக்குப் பத்தடி மேலே கொஞ்சம் பவர் கொடுத்து, மூக்கை அதிகம் தூக்காமல், மிதந்து போய் இறங்க வேண்டும். இதை ஒரு இன்ஸ்ட்ரக்டரைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு பத்துத் தடவையாவது பழகுங்கள். நான் மே மாதம் முழுக்கச் சனிக்கிழமை காலைகளை இதற்கே செலவழித்தேன்.

அடுத்தது நோட்டீஸ். விமானத் துறை ஒவ்வொரு வருடமும் இந்தத் திருவிழாவுக்கென்று தனி நடைமுறை வெளியிடும், பல பக்கம் படங்களோடு. போன வருடத்துத் தாளை வைத்துக்கொண்டு போகிறவர்கள் இன்னும் இருக்கிறார்கள். ரேடியோவில் கேட்டாலே தெரியும். அந்தந்த வருடத்துத் தாளைப் பிரின்ட் எடுத்து, ரேடியோ அலைவரிசைகளை மஞ்சள் மார்க்கரில் பூசி, முழங்கால் பலகையில் குத்திவையுங்கள். டேப்லெட்டை மட்டும் நம்ப வேண்டாம், ஜூலை வெயிலில் சூடேறி அணைந்துவிடும். டிரான்ஸ்பாண்டரை (ரேடாருக்கு நம்மைக் காட்டும் கருவி) எங்கே ஸ்டாண்ட்பையில் போடுவது, எந்த விளக்கை எங்கே போடுவது, வரிசை எந்தப் புள்ளியில் தொடங்குகிறது, எல்லாம் அதில் இருக்கும். நான் அதைச் சமையலறை மேஜையில் விரித்து, உப்பு ஜாடியை வழியில் வரும் ஏரியாகவும் மிளகு ஜாடியை ஃபிஸ்க் என்ற ஊராகவும் வைத்து, ஸ்பூனை ஓட்டிப் பழகினேன். என் தம்பி சிரித்தான். ஆனால் மறுநாள் அவனுக்கும் வழி மனப்பாடம்.

தம்பியைப் பற்றிச் சொல்ல வேண்டும். இந்தப் பயணத்துக்கு இன்னொரு ஜோடிக் கண் அவசியம். அவர் பைலட்டாக இருக்க வேண்டியதில்லை. தம்பிக்கு விமானம் ஓட்டத் தெரியாது. நான் கொடுத்த வேலை ஒன்றே ஒன்று: வெளியே பார்ப்பது, பார்த்ததைச் சொல்வது. எப்படிச் சொல்வது என்பதையும் பழக்கினேன்: பக்கம், மேலேயா கீழேயா, நிறம். “அதோ ஒண்ணு!” என்று கத்துவதில் பிரயோஜனம் இல்லை. “அக்கா, வலது பக்கம், நமக்குக் கீழே, மஞ்சள்” என்றால் எனக்குப் போதும். பெட்ரோல் செலவில் பாதி அவன் கொடுத்தான். தனியார் பைலட் லைசென்ஸில் செலவைச் சமமாகப் பங்கு போட்டுக்கொள்ளலாம். ஆனால் என் பங்கை நான் கட்டியாக வேண்டும். முழுசாக அவன் தலையில் கட்டினால் சட்டப்படி குற்றம். அந்தச் சட்டத்தைத் திட்டிக்கொண்டேதான் என் பங்கைக் கட்டினேன்.

பெட்ரோல் என்றதும் ஞாபகம் வருகிறது. பகலில் பறக்க, சேருமிடம் போன பிறகும் 30 நிமிடத்துக்கு மிச்சம் இருக்க வேண்டும் என்பது சட்டம். ஆஷ்காஷுக்கு அது போதவே போதாது. எங்கள் ஊரிலிருந்து நேர்க்கோட்டில் 100 நாட்டிக்கல் மைல் சொச்சம்தான், ஆனால் ஏரியைச் சுற்றி வட்டமடிக்கச் சொன்னால் ஒரு மணி நேரம் கூட ஆகலாம். ஆஷ்காஷுக்கு முன்னால் வரும் ரிப்பன் நகரத்துக்கு மேலே வரும்போது தொட்டியில் ஒன்றரை மணி நேரத்துக்கு இல்லையென்றால் வேறு ஊரில் இறங்கி நிரப்பிக்கொண்டு வருவது என் வழக்கம்.

சரி, ரிப்பன். அங்கிருந்து ஃபிஸ்க் என்ற குட்டி ஊர் வரை ஒரு ரயில் பாதை போகிறது. ஆறேழு நிமிடப் பறப்பு. கடல் மட்டத்திலிருந்து 1,800 அடி, 90 நாட், ஒருவர் பின் ஒருவராக, நடுவில் அரை மைல் இடைவெளி. வேகமான விமானங்களுக்கு மட்டும் 2,300 அடியில் 135 நாட். முந்தக் கூடாது, பக்கத்தில் பக்கத்தில் போகக் கூடாது, முன்னால் போகிறவர் மெதுவாகப் போகிறார் என்று பாம்பு மாதிரி வளைந்து நேரம் கடத்தவும் கூடாது. ரேடியோவில் பேசவே கூடாது. ஃபிஸ்க்கில் ஒரு மேட்டில் பைனாகுலரோடு உட்கார்ந்திருக்கும் கண்ட்ரோலர்கள் உங்கள் அழைப்புக் குறியைக் கேட்க மாட்டார்கள். கல்யாணப் பந்தியில் “நீலச் சட்டை, இந்தப் பக்கம் வாங்க” என்று கூப்பிடுவது போல நிறத்தையும் இறக்கையையும் வைத்துத்தான் கூப்பிடுவார்கள்: “வெள்ளையும் சிவப்புமான ஹை விங் (இறக்கை மேலே இருக்கும் விமானம்), இறக்கையை ஆட்டு.” ஆட்டுங்கள், கூச்சப்படாமல், நன்றாகச் சாய்த்து ஆட்டுங்கள். “நல்ல ஆட்டம்!” என்று பாராட்டு வரும். அதோடு எந்த ரன்வே, ரயில் பாதையைப் பிடிப்பதா ஃபிஸ்க் அவென்யூ சாலையைப் பிடிப்பதா என்று சொல்வார்கள். அவ்வளவுதான் உரையாடல். மேலே நாங்கள் ஒரு மணி நேரமாக வியர்த்துக்கொண்டிருக்க, அந்தக் குரலில் துளி அவசரம் இருக்காது.

முதல் வருடம் ரஷ் ஏரி தாண்டியதும் எனக்கு முன்னால் ஒரு பைப்பர் ரக விமானம் போய்க்கொண்டிருந்தது. அது மெல்ல மெல்லப் பெரிதாகிக்கொண்டே வந்தது. பெரிதாகிறது என்றால் நான் நெருங்குகிறேன் என்று அர்த்தம். வேகத்தைக் குறைத்தேன்: 85, 80, 75. “அக்கா, அவரு வால்ல இருக்கிற நம்பரை என்னால படிக்க முடியுது” என்றான் தம்பி. நம்பர் படிக்க முடிந்தால் அரை மைல் இல்லை. அத்தனை தாழ்வில் இன்னும் மெதுவாகப் போய், வளையவும் முயன்றால் இறக்கை ஸ்டால் ஆகிவிடும், அதாவது விமானத்தைத் தூக்கும் சக்தியை இழந்துவிடும். மீள்வதற்கு அங்கே உயரம் கிடையாது. நோட்டீஸ் சொன்னபடி வரிசையை விட்டு விலகி, திரும்பப் போய், முதலிலிருந்து வரிசையில் சேர்ந்தேன். நாற்பது நிமிடம் போனது. அந்த மனிதர் மேல் கோபம் இரவு வரைக்கும் இருந்தது. பிறகு முகாமில் விசாரித்தால், பாதிப் பேர் ஏதாவது ஒரு வருடம் இப்படித் திரும்பியவர்கள்தான்.

சனி, ஞாயிறு மத்தியானம் போகாதீர்கள். பொனான்சா, செஸ்னா ரக விமானங்கள் நூற்றுக்கணக்கில் அணிவகுத்து மொத்தமாக வந்து இறங்கும் நாட்கள் அவை. மற்றவர்கள் எல்லோரும் ஏரியைச் சுற்றிக் காத்திருக்க வேண்டும். வெள்ளிக்கிழமை காலை நல்லது, புல்வெளி நிரம்புவதற்குள் இடமும் கிடைக்கும்.

இறங்கியதும் ரன்வேயில் நிற்காதீர்கள். கொடி காட்டுகிறவர் எந்தப் பக்கம் கை நீட்டுகிறாரோ அந்தப் பக்கம் புல்லில் இறங்கிவிடுங்கள். நீங்கள் கூடாரம் போடப் போகிறவரா, வெறுமனே நிறுத்தப் போகிறவரா என்பதற்கான எழுத்துகளைப் பெரிதாகத் தாளில் எழுதி முன் கண்ணாடியில் வைத்திருக்க வேண்டும். அதைப் பார்த்துத்தான் வழி காட்டுவார்கள். பால்பாயின்ட் பேனாவில் எழுதிவிட்டு யாருக்கும் தெரியவில்லை என்று அங்கலாய்க்க வேண்டாம்.

இனி விமானத்தைக் கட்டிப்போடுவது. கயிறும் ஆணியும் நீங்கள்தான் கொண்டுபோக வேண்டும். நாயைக் கட்டுவதற்கு விற்பார்களே, திருகு மாதிரி தரையில் இறங்கும் கம்பி, அதைத்தான் முதலில் வாங்கினேன். மலிவு. காய்ந்த மண்ணில் யானையைக் கட்டலாம் போலத் தோன்றியது. மூன்றாம் நாள் இரவு இடி மழை. இரண்டு மணிக்கு டார்ச்சோடு வெளியே வந்தால், இடது இறக்கைக் கம்பி கால்வாசி மேலே வந்து, காற்று அடிக்கும்போதெல்லாம் இன்னொரு விரற்கடை ஏறுகிறது. ஈர மண் அதைப் பிடிக்கவே இல்லை. நான் இறக்கை முட்டுக்கம்பியைப் பிடித்துத் தொங்க, தம்பி மழையில் அடுத்த கூடாரத்துக்காரரை எழுப்பினான். அயோவாவிலிருந்து வந்த ஒரு விவசாயி. ஒரு வார்த்தை கேட்கவில்லை. தன் பெட்டியிலிருந்து துளை போட்ட ஒரு இரும்புத் தகடும் முழ நீள ஆணிகள் மூன்றும் எடுத்து வந்து, ஒவ்வொரு ஆணியையும் ஒவ்வொரு திசையில் சாய்த்து அடித்தார். எந்தப் பக்கம் இழுத்தாலும் ஏதாவது ஒரு ஆணி எதிர்த்து நிற்கும். அந்த மாதிரி வாங்குங்கள், அல்லது பட்டறையில் செய்துகொள்ளுங்கள். இரண்டு இறக்கைக்கும் வாலுக்குமாக மூன்று. கூடவே ஒரு சுத்தியல். கண்ட்ரோல் லாக் (இறக்கை, வால் மடல்கள் காற்றில் அடித்துக்கொள்ளாமல் பிடிக்கும் பூட்டு) போட மறக்காதீர்கள். 2010-இல் மழை கொட்டி மைதானமே சேறாகி, விமானங்களை நிறுத்தப் புல்வெளி இல்லாமல் போனது. பழைய ஆட்கள் அதை இன்னும் ‘ஸ்ப்ளாஷ்காஷ்’ என்றுதான் சொல்கிறார்கள்.

மூட்டை முடிச்சு விஷயத்தில் என் விமானத்துக்குப் பின்பக்கம் 120 பவுண்டுதான் வரம்பு. எல்லாவற்றையும் குளியலறைத் தராசில் நிறுத்துப் பார்த்தேன். தோசைக்கல்லை வெளியே எடுத்தேன், மறுபடி வைத்தேன், மறுபடி எடுத்தேன். ரவை மட்டும் போனது. அடுப்பு எரிப்பதற்கு முன் விதிகளைக் கேட்டுக்கொள்ளுங்கள்; எப்படியானாலும் இறக்கை நிழலில் பற்றவைக்காதீர்கள், செஸ்னாவில் பெட்ரோல் தொட்டி உங்கள் தலைக்கு மேல் இறக்கைக்குள்தான் இருக்கிறது. அயோவாக்காரர் காலையில் உப்புமாவை மேப்பிள் சிரப் ஊற்றிச் சாப்பிட்டு, இன்னொரு கரண்டி கேட்டார். காதடைப்பான், ரப்பர் செருப்பு, தொப்பி, அப்புறம் நிறையத் தண்ணீர். மற்றதெல்லாம் அங்கே கிடைக்கும். புதன், சனி இரவு வாணவேடிக்கையோடு விமான சாகசம் உண்டு. அந்த இரண்டு நாளும் மத்தியானம் கொஞ்சம் தூங்கிவிடுங்கள்.

திரும்பும் நாள், எல்லோரும் சேர்ந்து கிளம்பும் நேரத்தைத் தவிர்த்து விடிகாலையில் தயாராகுங்கள். மழைக்குப் பிறகு தொட்டியின் அடியில் தண்ணீர் இறங்கியிருக்கும். வடிகுழாயில் பெட்ரோலைப் பிடித்து வெளிச்சத்தில் பாருங்கள், நீலமாக ஒரே திரவமாக இருக்க வேண்டும். அடியில் நிறமில்லாமல் குமிழ் தெரிந்தால் அது போகும்வரை வடியுங்கள். எனக்கு ஒரு தடவை நான்கு குப்பி வடிக்க வேண்டியிருந்தது. கண்ணாடியில் வி.எஃப்.ஆர். (கண்ணால் பார்த்துப் பறக்கும் முறை) என்ற தாளை வையுங்கள். ஸ்கூட்டரில் வருகிற தொண்டர் கை காட்டும்வரை எஞ்சினைப் போடாதீர்கள், பின்னால் யாருடைய கூடாரமாவது பறக்கும். ஆணியைப் பிடுங்கிய குழிகளைக் காலால் மிதித்து மூடிவிடுங்கள். அடுத்த வருடம் அந்தப் புல்லில் யாருடைய முன்சக்கரம் வருமோ.