முன் பிரேக் மாஸ்டர் சிலிண்டர்: கஸ்டம் பைக்குக்கு எந்த அளவு வாங்குவது?

போன மாதம் என் சித்தி மகன் பைக்கைப் புளோக்குக்குக் கீழே நிறுத்திவிட்டு, "அண்ணே, புது பிரேக் போட்டிருக்கேன், பிடிச்சுப் பாருங்க" என்றான். ஹேண்டில்பாரில் பளபளவென்று 19 மி.மீ. ரேடியல் மாஸ்டர் சிலிண்டர். லீவரை அழுத்தினால் பிரேக் ஆயிலைச் சக்கரத்துப் பக்கம் தள்ளும் பாகம் அது; 19 என்பது உள்ளே இருக்கும் பிஸ்டனின் விட்டம். பிடித்தேன். லீவர் விரற்கடை அளவுகூட உள்ளே வரவில்லை, கல் மாதிரி நின்றது. பைக்கை உருட்டிக்கொண்டே இரண்டு விரலால் அழுத்தினேன், சக்கரம் உருண்டுகொண்டே இருந்தது. நான்கு விரலும் போட்டு இறுக்கிய பிறகுதான் நின்றது. அந்த பைக்கில் முன்னால் இருப்பது ஒரே ஒரு டிஸ்க். "பெரிசா போட்டா நல்லா பிடிக்கும்" என்று கடையில் சொல்லியிருக்கிறார்கள்.

உண்மை அதற்கு நேர் எதிர். மாஸ்டர் சிலிண்டர் பெரிதானால் அதே கை பலத்துக்குப் பிரேக் பிடிப்பு குறையும். மெல்லிய சிரிஞ்சு, தடித்த சிரிஞ்சு இரண்டிலும் தண்ணீர் நிரப்பி அழுத்திப் பாருங்கள். மெல்லியது லேசான அழுத்தத்துக்கே பீய்ச்சியடிக்கும், ஆனால் கட்டைவிரல் வெகுதூரம் போக வேண்டும். தடித்ததில் விரல் கொஞ்சம்தான் நகரும், ஆனால் பலம் அதிகம் வேண்டும். மாஸ்டர் சிலிண்டருக்குள் நடப்பதும் இதுதான். சின்ன பிஸ்டன் என்றால் அழுத்தம் அதிகம், லீவர் ஆழமாக வரும், மிருதுவாக இருக்கும். பெரிய பிஸ்டன் என்றால் லீவர் கெட்டியாக நிற்கும், பிடிப்பு குறையும்.

அதனால் ஹேண்டில்பாரில் எது அழகாக இருக்கும் என்று தொடங்காதீர்கள். கீழே குனிந்து சக்கரத்திலிருந்து தொடங்குங்கள்.

முதலில் காலிப்பரைப் பாருங்கள்

காலிப்பர் என்பது சக்கரத்தில் டிஸ்கைக் கவ்விப் பிடிக்கும் பாகம். எத்தனை டிஸ்க், ஒவ்வொரு காலிப்பரிலும் எத்தனை பிஸ்டன், பிஸ்டனின் விட்டம் எவ்வளவு. இந்த மூன்றும் தெரிய வேண்டும். விட்டம் சர்வீஸ் மேனுவலில் இருக்கும். மேனுவல் இல்லையென்றால் பிரேக் பேடைக் கழற்றிவிட்டு, வெளியே தெரியும் பிஸ்டனின் வெளி விளிம்பை வெர்னியரால் அளக்கலாம். பேட் இல்லாத நேரத்தில் யாரும் லீவரைத் தொடக் கூடாது, பிஸ்டன் வெளியே வந்துவிடும்.

டிஸ்கின் ஒரு பக்கம் மட்டும் பிஸ்டன் இருந்து, காலிப்பரே இப்படியும் அப்படியும் நகர்ந்தால் அது மிதக்கும் காலிப்பர். அதில் எல்லா பிஸ்டனையும் எண்ணுங்கள். இரண்டு பக்கமும் எதிரெதிராக பிஸ்டன் இருந்தால் ஒரு பக்கத்தை மட்டும் எண்ணுங்கள். முதல்முறை கணக்குப் போடுகிறவர்கள் தடுமாறுவது இங்கேதான்.

பிறகு பழைய மாஸ்டர் சிலிண்டரின் அளவு. பெரும்பாலும் அதன் அடிப்பக்கத்திலேயே வார்த்திருக்கும்: 14 என்றோ, 1/2 என்றோ, 5/8 என்றோ. அரை அங்குலம் என்றால் 12.7 மி.மீ., 5/8 அங்குலம் என்றால் 15.9 மி.மீ. என்று குறித்துக்கொள்ளுங்கள்.

இப்போது கணக்கு

பரப்பளவுக்குப் பரப்பளவு ஒப்பிடுகிறோம். பை (π) இரண்டு பக்கமும் அடிபட்டுப் போகும், விட்டத்தின் வர்க்கம் மட்டும் போதும்.

தம்பியின் பைக்கையே எடுத்துக்கொள்வோம். மிதக்கும் காலிப்பர், 27 மி.மீ. பிஸ்டன் இரண்டு. 27 × 27 = 729. இரண்டுக்கும் சேர்த்து 1458. கம்பெனி போட்டு அனுப்பியது 12.7 மி.மீ. மாஸ்டர். அதன் வர்க்கம் 161. 1458-ஐ 161-ஆல் வகுத்தால் 9. இதுதான் அந்த பைக்கின் விகிதம். அவன் போட்ட 19 மி.மீ. மாஸ்டரின் வர்க்கம் 361, விகிதம் 4. பாதிக்கும் கீழே! ரேடியலில் லீவரின் நெம்பும் தூரம் வேறு என்பதால் வித்தியாசம் கொஞ்சம் கூடலாம் குறையலாம். ஆனால் இவ்வளவு பெரிய பள்ளத்தை எந்த லீவரும் நிரப்பாது.

அதே பைக்கில் 14 மி.மீ. போட்டால் 7.4 வரும், லீவர் கெட்டியாகும். 11 மி.மீ. போட்டால் 12 வரும், இரண்டு விரலுக்கே நன்றாகப் பிடிக்கும், ஆனால் லீவர் கைப்பிடிக்குப் பக்கத்தில் வரை வரலாம். என் யோசனை இதுதான்: முதல் தடவை மாற்றுகிறவர்கள் கம்பெனி விகிதத்தை ஒட்டியே இருங்கள். உணர்வு மாற வேண்டுமென்றால் ஒரே ஒரு அளவு மேலேயோ கீழேயோ போங்கள். லீவர் பஞ்சு மாதிரி இருப்பதுதான் குறை என்றால், மாஸ்டரை மாற்றுவதற்கு முன்னால் பழைய ரப்பர் ஹோஸை எடுத்துவிட்டு எஃகு வலை சுற்றிய ஹோஸ் போட்டுப் பாருங்கள். பல பைக்குகளில் அதுவே போதும்.

முன்பக்கம் சுத்தமாகத் தெரிய வேண்டும் என்று இரண்டு டிஸ்கில் ஒன்றைக் கழற்றிவிடும் வழக்கம் கஸ்டம் ஆட்களிடம் உண்டு. அப்படிச் செய்தால் காலிப்பர் பரப்பு பாதியாகிவிடும். பழைய 14 மி.மீ. மாஸ்டரை அப்படியே விட்டால் விகிதமும் பாதி. அழகுக்காகச் செய்த வேலை, மழையில் விரைவுச்சாலையில் முன்னால் போகும் லாரி நிற்கும்போது கையில் வந்து நிற்கும். மனதார வேண்டாம் என்பேன். தவிர, எந்த மாற்றத்துக்கு அனுமதி வேண்டும், எது கூடாது என்று சிங்கப்பூர் நிலப் போக்குவரத்து ஆணையத்தின் இணையப்பக்கத்தில் இருக்கிறது. காசு கொடுப்பதற்கு முன்னால் அதைப் பாருங்கள். ஏபிஎஸ் உள்ள பைக்கில் மாஸ்டரின் அளவை மாற்றவே மாற்றாதீர்கள்.

ஆக்ஸியலா, ரேடியலா?

பிஸ்டன் ஹேண்டில்பாருக்கு இணையாகப் படுத்திருந்தால் ஆக்ஸியல், குறுக்கே நின்றால் ரேடியல். ரேடியலில் உணர்வு துல்லியம் என்பது உண்மை. அதில் 19×18 என்பது போல இரண்டு எண் இருக்கும். முதலாவது பிஸ்டன் விட்டம். இரண்டாவது, லீவரின் அச்சுக்கும் அது பிஸ்டனைத் தள்ளும் இடத்துக்கும் நடுவே உள்ள தூரம். இந்த இரண்டாவது எண் குறைந்தால் லீவர் மிருதுவாகும். பிரெம்போ ஆர்சிஎஸ் 19-இல் இதை 18, 20 என்று ஸ்குரூடிரைவராலேயே மாற்றலாம். ஆக்ஸியலில் 14 நன்றாக இருந்தது என்பதற்காக ரேடியலிலும் 14 என்று வாங்க முடியாது, விற்பவர் தரும் பொருத்த அட்டவணையைப் பாருங்கள்.

பொருந்துமா என்று பார்க்க வேண்டியவை

ஹேண்டில்பார் 22 மி.மீ.யா, ஹார்லி மாதிரி 25.4 மி.மீ.யா? கிளாம்ப் அதற்கேற்றதாக இருக்க வேண்டும். ஹேண்டிலை இரண்டு பக்கமும் முழுதாகத் திருப்பிப் பாருங்கள், மாஸ்டரின் பிரேக் ஆயில் டப்பா டேங்கிலோ மீட்டரிலோ இடிக்கக் கூடாது. பாரின் சாய்வில் டப்பா கிட்டத்தட்ட மட்டமாக நிற்க வேண்டும், இல்லையென்றால் காற்று இழுக்கும்.

ஹோஸை மாஸ்டரோடு இணைக்கும் துளையுள்ள போல்ட், அதாவது பேஞ்சோ போல்டைக் கவனியுங்கள். ஜப்பான் பைக்குகளில் பெரும்பாலும் 10 மி.மீ., 1.25 பிட்ச் (மரைக்கு மரை உள்ள தூரம்). பிரெம்போவில் 1.0 பிட்ச். மாற்றிப் போட்டால் இரண்டு சுற்று ஏறி இறுகிவிடும், பலம் கொடுத்தால் அலுமினிய மரை போச்சு. யமஹா என்றால் மாஸ்டர் கிளாம்பில் மாட்டும் வலது கண்ணாடியின் மரை பெரும்பாலும் இடச்சுற்று, அதையும் சரிபாருங்கள்.

பிரேக் லைட் சுவிட்ச் வைக்க இடம் இருக்கிறதா? பல ரேடியல் மாஸ்டர்களில் இருக்காது. அப்போது அழுத்தத்தில் இயங்கும் சுவிட்ச் உள்ள பேஞ்சோ போல்ட் வாங்க வேண்டும். மூன்று வயதைத் தாண்டிய பைக் ஆண்டுதோறும் சோதனைக்குப் போகிறது, முன் லீவரைப் பிடித்தால் விளக்கு எரிய வேண்டும்.

இணையத்தில் பாதி விலைக்கு வரும் "பிராண்டு" மாஸ்டர்களை நம்பாதீர்கள். நகல்கள் ஏராளம். உபி, காக்கி புக்கிட் பக்கம் கடையில் கையில் எடுத்துப் பார்த்து, ரசீதோடு வாங்குங்கள்.

மாட்டிய பிறகு

பேஞ்சோ போல்டின் செம்பு வாஷர் எப்போதும் புதிது. மூடியில் எழுதியுள்ள ஆயில்தான் ஊற்ற வேண்டும், பெரும்பாலும் டாட் 4. டாட் 5 சிலிகான், அதோடு கலக்கவே கூடாது. டாட் 4 ஈரத்தை உறிஞ்சும். நம் ஊர்க் காற்றுக்குத் திறந்து வைத்த பாட்டிலை அடுத்த வருடத்துக்கு எடுத்து வைக்காதீர்கள். பெயிண்டில் சிந்தினால் உடனே தண்ணீரால் கழுவுங்கள்.

ஏர் எடுத்து (ஹோஸில் உள்ள காற்றை வெளியேற்றி) முடித்ததும், கண்ணுக்குப் பாதுகாப்புக் கண்ணாடி போட்டுக்கொண்டு, மூடியைத் திறந்து வைத்து லீவரை மெல்ல ஒரு நூல் அளவு அழுத்துங்கள். ஆயில் மேற்பரப்பில் சின்னதாக ஓர் ஊற்று எழும்ப வேண்டும். எழும்பினால் ஆயில் டப்பாவுக்குத் திரும்பும் துளை திறந்திருக்கிறது. எழும்பாவிட்டால் லீவர் பிஸ்டனை எப்போதும் தள்ளிக்கொண்டே இருக்கலாம். அப்படியே ஓட்டினால் ஆயில் சூடாகி, பிரேக் தானாக இறுகி, சக்கரம் நின்றுவிடும். லீவரில் சிறிது தளர்வு வைத்துவிட்டு மறுபடி பாருங்கள்.

கடைசியாக, லீவரைக் கைப்பிடியோடு சேர்த்து ரப்பர் பட்டையால் இறுகக் கட்டி இரவு முழுக்க விடுங்கள். காலையில் பட்டையை எடுத்துவிட்டுப் பிடித்துப் பாருங்கள். நேற்றை விட லீவர் கெட்டியாக இருந்தால் கார் நிறுத்துமிடத்துக்குள்ளேயே நடை வேகத்தில் நாலைந்து தடவை பிடித்துப் பார்த்துவிட்டு வெளியே எடுங்கள். கைப்பிடி வரை வந்து தொட்டால் எங்கோ கசியலாம். செம்பு வாஷரிலிருந்து தேடத் தொடங்குங்கள்.