ஆண்டுச் சந்தா கட்டும் முன்: இசை இதழைத் தேர்ந்தெடுப்பது எப்படி

இசை இதழ் என்று பொதுவாகச் சொன்னாலும் உள்ளே இருக்கும் சரக்கு இதழுக்கு இதழ் வேறு. 1923 முதல் பிரிட்டனில் வரும் கிராமபோன், பெரும்பாலும் புதிதாக வெளியாகும் மேற்கத்தியச் செவ்வியல் ஒலிப்பதிவுகளை விமர்சிக்கிறது. 1890-இல் தொடங்கிய தி ஸ்ட்ராட், வயலின், செல்லோ போன்ற வில் வாத்தியங்களை வாசிப்பவர்களுக்கும் செய்பவர்களுக்கும் உரியது. சவுண்ட் ஆன் சவுண்ட் முழுக்க மைக், மிக்ஸிங், ஒலிப்பதிவுக் கூடம் பற்றியது. பாடகர்களைத் தெரிந்துகொள்ள அதை வாங்கினால் ஏமாற்றம்தான். சிகாகோவில் 1934-இல் தொடங்கிய டவுன்பீட் ஜாஸ் ரசிகர்களுக்கானது. சென்னையில் 1983-இல் என். பட்டாபிராமன் ஆரம்பித்த ஸ்ருதி, கர்நாடக இசையையும் நடனத்தையும் பற்றிய ஆங்கில இதழ். சென்னை மியூசிக் அகாடமி 1930 முதல் வெளியிட்டுவரும் ஆய்விதழில் கட்டுரைகளும் விவாதங்களும் கிடைக்கும். டிசம்பர் சீசன் கச்சேரி விமர்சனத்தை அதில் தேடக்கூடாது.

ஆகவே படித்துவிட்டு என்ன செய்யப் போகிறீர்கள் என்பதை முதலில் முடிவுசெய்யுங்கள். அடுத்து எதைக் கேட்கலாம் என்று தெரியவேண்டுமா, வாசிப்பில் முன்னேறவேண்டுமா, வரலாறு வேண்டுமா, கருவி வாங்க யோசனை வேண்டுமா? இந்த நான்கையும் ஒரே இதழ் நன்றாகச் செய்வது அரிது.

அடுத்து, இரண்டு பழைய இதழ்களைத் தனிப்பிரதியாக வாங்குங்கள். சிறப்பிதழ் வேண்டாம். டிசம்பர் சீசன் இதழும் விருது இதழும் தடிமனாக இருக்கும். அவற்றை வைத்து ஆண்டு முழுதும் இப்படித்தான் வரும் என்று கணக்குப் போட்டால் தப்பாகிவிடும். ஜூன், ஜூலை போன்ற சாதாரண மாதத்து இதழ்தான் உண்மை நிலையைக் காட்டும்.

அந்த இதழ்களில் நீங்களே நேரில் கேட்ட கச்சேரிக்கோ, பலமுறை கேட்ட ஒலிப்பதிவுக்கோ எழுதிய விமர்சனம் இருக்கிறதா என்று தேடுங்கள். இதைவிட நல்ல சோதனை கிடையாது. கச்சேரியில் காம்போஜி பிரதான ராகம் என்றால், ராகத்தைச் சொல்லின்றிப் பாடும் ஆலாபனை எந்த இடங்களில் நின்று விரிந்தது, வயலின்காரர் அதை வாங்கி எங்கே கொண்டுபோனார், கிருதியின் (பாட்டின்) காலப்பிரமாணம், அதாவது வேகம், பொருந்தியதா, ஒரே வரியைப் பலவிதமாக விரித்துப் பாடும் நிரவலுக்கு எந்த வரி, தாள வாத்தியக்காரர்களின் தனி ஆவர்த்தனம் எவ்வளவு நேரம் என்றெல்லாம் எழுதியவர் உட்கார்ந்து கேட்டிருக்கிறார். “காம்போஜி மழையில் அரங்கம் நனைந்தது” என்று மட்டும் இருந்தால் பாடகர் பெயரை விரலால் மறைத்துவிட்டுப் படியுங்கள். வேறு யார் பெயரைப் போட்டாலும் பொருந்துகிறதா? அந்த விமர்சனத்துக்குப் பணம் கொடுக்க வேண்டியதில்லை. ஒலிப்பதிவு விமர்சனம் என்றால் இன்னும் இரண்டைப் பாருங்கள்: ஒலியின் தரத்தைப் பற்றிச் சொல்கிறதா, அதே உருப்படியின் பழைய பதிவுகளோடு ஒப்பிடுகிறதா.

பிறகு பக்கங்களை எண்ணுங்கள். விளம்பரம், பேட்டி, விமர்சனம், செய்தி ஒவ்வொன்றுக்கும் எத்தனை பக்கம் என்று ஒரு தாளில் குறித்தால் கால்மணி நேரத்தில் முடிந்துவிடும். முழுப்பக்க விளம்பரம் கொடுத்த நிறுவனத்தின் வெளியீட்டை யாராவது குறை சொல்லியிருக்கிறார்களா என்றும் பாருங்கள். விளம்பரம் இல்லாமல் இதழ் நடத்த முடியாது, அது குற்றமில்லை. ஆனால் இரண்டு இதழ்களில் ஒரு விமர்சனம்கூட எதையும் குறை சொல்லவில்லை என்றால், பாராட்டை நம்பி வாங்குபவருக்கு அந்த இதழ் உதவாது.

வாசிப்பவர்களுக்குத் தனிச் சோதனை உண்டு. இதழில் வரும் ஸ்வரக் குறிப்பையோ கிட்டார் டேபையோ (எந்தத் தந்தியில் எங்கே விரல் வைப்பது என்று எண்களால் காட்டும் குறிப்பு) ஸ்டாண்டில் வைத்து வாசித்துப் பாருங்கள். எழுத்து பொடியாக இருக்கிறதா, பாடம் பாதியில் பக்கம் புரட்ட வேண்டியிருக்கிறதா, கேட்டுச் சரிபார்க்க ஒலிக்கோப்பு தருகிறார்களா, அந்த இணைப்பு இன்னும் வேலை செய்கிறதா என்பதெல்லாம் அப்போதுதான் தெரியும்.

விலைக்கு வருவோம். ஆண்டுக்கு 12 இதழ் என்று நினைத்துவிடாதீர்கள். கிராமபோன் 13, உலக நாட்டு இசைகளைப் பற்றிய பிரிட்டிஷ் இதழ் சாங்லைன்ஸ் 10. சந்தாவோடு அஞ்சல் செலவைக் கூட்டி இதழ் எண்ணிக்கையால் வகுங்கள்: 6,000 ரூபாய்க்கு 10 இதழ் என்றால் இதழுக்கு 600, அதே தொகைக்கு 13 என்றால் சுமார் 460. இலவசக் குறுந்தகடு என்று சொன்னால், அதைப் போட வீட்டில் பிளேயர் இருக்கிறதா என்று பாருங்கள்.

வெளிநாட்டு இதழுக்கு மின்னிதழே உசிதம். ஆனால் அச்சுப் பக்கத்தை அப்படியே படமாகத் தருபவை கைபேசியில் கண்ணைக் கெடுக்கும்; 10 அங்குல டேப்லெட் இருந்தால் தொல்லையில்லை. மின்னிதழின் பெரிய லாபம் பழைய இதழ்க் களஞ்சியம். கிராமபோன் 1923 வரையும், சோதனை இசையைப் பற்றிய பிரிட்டிஷ் இதழ் தி வயர் 1982 வரையும் பின்னோக்கிப் படிக்கத் தருகின்றன. அந்த வசதி பொதுவாகச் சந்தா இருக்கும்வரைதான். சேமித்துவைக்க வேண்டுமென்றால் பிடிஎஃப் இறக்க அனுமதி உண்டா என்று பணம் கட்டும் முன்பே கேளுங்கள். சவுண்ட் ஆன் சவுண்டின் பழைய கட்டுரைகள் பலவற்றை அதன் தளத்தில் இலவசமாகவே படிக்கலாம். உங்கள் நூலகம் மின்னிதழ்ச் செயலி தருகிறதா என்றும் விசாரியுங்கள்.

மூன்றாண்டுச் சந்தாவில் தள்ளுபடி அதிகம்தான், இருந்தாலும் ஓராண்டுக்கு மேல் கட்டாதீர்கள். 1979-இல் தொடங்கி நாற்பது ஆண்டு ஓடிய நாட்டுப்புற இசை இதழ் எஃப்ரூட்ஸ் 2019-இல் நின்றது. 1986-இல் தொடங்கிய பாப், ராக் இசை இதழ் க்யூ 2020-இல் நின்றது. வயதான இதழ் என்பதால் நிலைத்துவிடும் என்று சொல்ல முடியாது.

குறைந்த விலை அறிமுகச் சந்தா, சில இதழ்களுக்குப் பிறகு முழு விலையில் தானாகப் புதுப்பிக்கப்படும். ரத்து செய்யவேண்டிய கடைசி நாளைக் காலண்டரில் குறித்துக்கொள்ளுங்கள். இந்திய அட்டைகளில் சிக்கல் வேறு விதம். தானியங்கிப் பிடித்தத்துக்கு ரிசர்வ் வங்கி விதிப்படி முன்கூட்டியே ஒப்புதல் பதிவாக வேண்டும். வெளிநாட்டுத் தளத்தில் அது பதிவாகாவிட்டால் அடுத்த ஆண்டு பணம் போகாது, சந்தாவும் சத்தமில்லாமல் நின்றுவிடும். வெளிநாட்டு நாணயக் கட்டணத்தையும் சேர்த்துக்கொண்டு கணக்குப் பாருங்கள்.

அச்சிதழ் வாங்குவோர் முகவரியில் பின்கோடையும் கைபேசி எண்ணையும் விடாதீர்கள். சாதாரண அஞ்சலில் வருவதைத் தடம்பிடிக்க முடியாது. உறைமேல் ஒட்டிய சீட்டில் சந்தா எண் இருக்கும். முதல் உறையைத் தூக்கி எறியாமல் படம் எடுத்துவையுங்கள். இதழ் வரவில்லையென்றால் அடுத்த இதழ் வருவதற்குள் அந்த எண்ணைக் குறிப்பிட்டு எழுதுங்கள். தாமதித்தால் அவர்களிடமே பிரதி தீர்ந்துபோயிருக்கும்.