மோட்டார் சைக்கிளில் ஜீ.பி.எஸ் பூட்டுவது எப்படி? பற்றரியிலிருந்து ஹாண்டில் வரை

மாங்குளம் சந்தியில் ஏ9 வீதியை விட்டு முல்லைத்தீவுப் பக்கம் திரும்பினால் ஏறத்தாழ 50 கிலோமீற்றர். தார் வீதியில் நிற்கும்வரை யாருக்கும் வழி தவறாது. கிறவல் பாதைக்குள் இறங்கிய பிறகுதான் சிக்கல். "குளக்கட்டால வந்து, பெரிய பாலை மரத்தடியில சோத்துக்கைப் பக்கம் திரும்புங்கோ அண்ணை" என்று தொலைபேசியில் சொல்வார்கள். போய்ப் பார்த்தால் பாலை மரம் நான்கு நிற்கும். திரும்பக் கேட்கலாம் என்று ஃபோனை எடுத்தால் சிக்னல் இருக்காது.

தோட்டக் கிணறுகளுக்குச் சூரிய ஒளியில் ஓடும் நீர்ப்பம்பி பூட்டுவது என் தொழில். கிழமையில் ஐந்து நாள் வன்னிக்குள் ஓட்டம்தான். அதனால் மோட்டார் சைக்கிளில் ஒரு செய்மதி வழிகாட்டி (ஜீ.பி.எஸ்) பூட்டியிருக்கிறேன். இதற்கு ஃபோன் கோபுரம் தேவையில்லை. பூமிக்கு மேலே சுமார் 20,200 கிலோமீற்றர் உயரத்தில் சுற்றும் செய்மதிகளில் நான்கின் சமிக்ஞை கிடைத்தால் போதும், நிற்கும் இடத்தைக் காட்டும். வரைபடம் கருவிக்குள்ளேயே இருக்கும். ஆனால் இந்த வெயிலில் திரை தெரிய வேண்டுமென்றால் வெளிச்சத்தை முழுக்கக் கூட்டி வைக்க வேண்டும். அப்போது உள்ளிருக்கும் பற்றரி சில மணித்தியாலங்களில் இறங்கிவிடும். ஆகவே வண்டியிலிருந்து மின் எடுக்கத்தான் வேண்டும்.

செய்முறைக்கு முன்னால் எனக்கு நடந்ததைச் சொல்லிவிடுகிறேன். முதல் தடவை இந்த வேலையை ஒரு கராஜில் கொடுத்துச் செய்வித்தேன். பற்றரியின் பிளஸ்ஸிலிருந்து ஒரு மெல்லிய வயர் நேராக ஹாண்டிலுக்கு வந்தது. நடுவில் பியூஸ் இல்லை. ஹாண்டிலைத் திருப்பத் திருப்ப, கழுத்துப் பகுதியில் அந்த வயர் இரும்பில் தேய்ந்துகொண்டே இருந்திருக்கிறது. இரண்டு மாதம் கழித்துக் கனகராயன்குளம் தாண்டி வரும்போது பிளாஸ்ரிக் எரியும் மணம். நிறுத்திப் பார்த்தால் பெற்றோல் ராங்கிக்குக் கீழிருந்து புகை. வயரை இழுத்து அறுத்ததால் தப்பினேன். அதற்குப் பிறகு, என் வண்டி என்றாலும் அடுத்தவருடையது என்றாலும், பியூஸ் வைக்காமல் ஒரு வயர்கூட நான் இழுப்பதில்லை.

வண்டியை அளந்து பாருங்கள்

ஒரு மல்ரிமீற்றர் வாங்குங்கள். சாதாரணமானதே போதும். அதை டீசி 20 வோல்ற்றில் வைத்து, சிவப்பு முனையைப் பற்றரியின் பிளஸ்ஸிலும் கறுப்பு முனையை மைனஸிலும் பிடியுங்கள். எஞ்சின் நிற்கும்போது 12.4 முதல் 12.8 வரை காட்டினால் பற்றரி நலம். எஞ்சினை இயக்கிக் கொஞ்சம் அக்சிலேற்றர் கொடுத்தால் 13.5 முதல் 14.5 வரை ஏற வேண்டும். ஏறாவிட்டால் வண்டி சார்ஜ் செய்யவில்லை. 15ஐத் தாண்டினால், சார்ஜ் வோல்ற்றைக் கட்டுப்படுத்தும் ரெகுலேற்றரில் பழுது. இரண்டில் எது என்றாலும் அதைத் திருத்திவிட்டு இங்கே வாருங்கள். எஞ்சின் நிற்கும்போது 6 வோல்ற் அளவில்தான் காட்டுகிறது என்றால் அது பழைய 6 வோல்ற் வண்டி. இந்த முறை அதற்குப் பொருந்தாது.

வாங்க வேண்டியவை

சந்தையில் உள்ள பெரும்பாலான கருவிகள் 5 வோல்ற்றில், யூ.எஸ்.பி வயர் வழியாக மின் எடுப்பவை. வண்டியில் இருப்பது 12 வோல்ற். நேரே கொடுத்தால் கருவி எரிந்துவிடும். ஆகவே 12ஐ 5 ஆக்கும் கொன்வேட்டர் ஒன்று வேண்டும். 3 அம்பியர் தரக்கூடிய, பசை ஊற்றி அடைத்த, தண்ணீர் புகாததாகப் பாருங்கள். மோட்டார் சைக்கிளுக்கென்றே செய்த கருவிகள் சிலவற்றுக்குத் தாங்கியோடு வெறும் வயர் முனை வரும். அப்படியானால் அதன் கையேட்டைப் படித்து, 12 வோல்ற்றை நேராக ஏற்குமா என்று உறுதி செய்த பிறகே தொடுங்கள்.

மற்றவை: பியூஸ் கூடு ஒன்று, 3 அம்பியர் பியூஸ் நான்கைந்து, நான்கு கால் உள்ள 12 வோல்ற் ரிலே (சிறிய மின்னால் பெரிய மின்னைத் திறந்து மூடும் சுவிட்ச்), 1 சதுர மில்லிமீற்றர் வயர் சிவப்பிலும் கறுப்பிலும் மூன்று மீற்றர் வீதம், வளைய லக்ஸ் (வயர் முனையில் அமுக்கும் உலோக வளையம்), லக்ஸ் அமுக்கும் குறடு, சூட்டுக்குச் சுருங்கும் குழாய், நெளிவுக் குழாய், கேபிள் ரை. கிளிநொச்சியிலும் வவுனியாவிலும் உதிரிப்பாகக் கடைகளில் இவை கிடைக்கும்.

3 அம்பியர் பியூஸ் ஏன் போதும்? கருவி 5 வோல்ற்றில் 2 அம்பியர் எடுத்தால் 10 வாட். கொன்வேட்டரில் வீணாவதையும் சேர்த்தால் 11, 12 வாட். அதை 12 வோல்ற்றால் வகுத்தால் 1 அம்பியர்தான் வருகிறது.

திறப்புக்கு அடங்கும் வயரைத் தேடுதல்

புதிதாகச் செய்பவர்கள் அதிகம் தடுமாறுவது இங்கேதான்.

பற்றரியிலிருந்து நேரே மின் கொடுத்தால், வண்டி நிற்கும்போதும் கொன்வேட்டர் கொஞ்சம் கொஞ்சமாக உறிஞ்சிக்கொண்டிருக்கும். 20 மில்லி அம்பியர் என்று வைத்துக்கொள்ளுங்கள். ஒரு நாளைக்கு 0.48 அம்பியர் மணி. சிறிய வண்டியில் இருக்கும் 5 அம்பியர் மணி பற்றரி பத்தே நாளில் காலி. ஆகவே திறப்பை மூடியதும் கருவியும் நிற்க வேண்டும்.

பலர் ஹெட்லைட் வயரைச் சீவி முறுக்கி விடுகிறார்கள். தயவுசெய்து அதைச் செய்யாதீர்கள். பழைய 100 சிசி வண்டிகள் பலவற்றில் ஹெட்லைட்டுக்குப் போவது பற்றரி மின் இல்லை. எஞ்சினுக்குள் சுற்றும் மக்னெற்றிலிருந்து வரும் ஆடலோட்டம் (ஏசி) அது. எஞ்சின் வேகத்தோடு ஏறி இறங்கும். கொன்வேட்டர் அதற்காகச் செய்யப்பட்டதில்லை. திறப்பைப் போட்டு எஞ்சினை இயக்காமல் சுவிட்சைத் தட்டிப் பாருங்கள். ஹெட்லைட் எரியாவிட்டால் அந்தப் பக்கம் போகவே வேண்டாம்.

நான் எடுப்பது பின் பிரேக் சுவிட்சுக்கு வரும் வயர். அதில் இரண்டு வயர் இருக்கும். மீற்றரின் கறுப்பு முனையைப் பற்றரியின் மைனஸில் பிடித்து, சிவப்பு முனையால் ஒவ்வொன்றாகத் தொடுங்கள். பிரேக்கை மிதிக்காமலே, திறப்பைப் போட்டதும் 12 காட்டி, மூடியதும் 0 ஆகும் வயர்தான் நமக்கு வேண்டியது. மிதித்தால் மட்டும் 12 காட்டுவது பிரேக் லைட்டுக்குப் போவது. அதை விடுங்கள்.

நிறத்தை மட்டும் நம்ப வேண்டாம். ஹொண்டா வண்டிகளில் பச்சைதான் எர்த், அதாவது மைனஸ். கறுப்பு, திறப்புப் போட்டதும் மின் வரும் வயர். வீட்டு வயரிங் பழக்கத்தில் பச்சையைச் சரியாகப் பிடிப்பவர்கூட, கறுப்பை மைனஸ் என்று நினைத்துத் தொட்டுவிடுவார்.

ரிலே

ஒரேயொரு கருவிக்கு ரிலே கட்டாயம் இல்லை. ஆனாலும் நான் வைக்கிறேன். பழைய திறப்புச் சுவிட்சின் தொடுகைகள் தேய்ந்திருக்கும், அவற்றின் மேல் இன்னும் சுமை ஏற்ற எனக்கு மனமில்லை. ரிலே வைத்தால் பிரேக் வயரிலிருந்து எடுப்பது 0.15 அம்பியர் அளவுதான். மீதி பற்றரியிலிருந்து நேரே வரும்.

ரிலேயின் கால்களில் எண் பொறித்திருக்கும். 30க்குப் பற்றரியின் பிளஸ், பியூஸ் வழியாக. 87 கருவிப் பக்கம், அதாவது கொன்வேட்டரின் பிளஸ்ஸுக்கு. 86க்கு நாம் கண்டுபிடித்த பிரேக் சுவிட்ச் வயர். 85 மைனஸுக்கு.

பூட்டுதல்

பற்றரியைக் கழற்றும்போது முதலில் மைனஸ், பிறகு பிளஸ். பிளஸ்ஸை முதலில் கழற்றினால் ஸ்பனர் தவறிச் சட்டத்தில் பட்டதும் தீப்பொறி பறக்கும். பூட்டும்போது பிளஸ் முதலில், மைனஸ் கடைசியில்.

பியூஸ் கூடு பற்றரிக்கு ஒரு சாணுக்குள் இருக்க வேண்டும். பியூஸுக்கும் பற்றரிக்கும் இடையில் உள்ள வயருக்குக் காவல் எதுவும் இல்லை, அதனால் அந்தத் துண்டு எவ்வளவு குறுகியதோ அவ்வளவு நல்லது. பியூஸை இப்போது போட வேண்டாம். மைனஸ் வயரையும் பற்றரிக்கே கொண்டுவாருங்கள். சட்டத்தில் ஏதோ ஒரு ஆணியில் மாட்டினால், துருவும் பெயின்ற்றும் நடுவில் நின்று, ஒரு நாள் வேலை செய்யும், ஒரு நாள் செய்யாது.

கொன்வேட்டரைச் சீற்றுக்கடியில் வைக்காமல் முன்னால், ஹெட்லைட்டுக்குப் பின்னே வையுங்கள். மெல்லிய யூ.எஸ்.பி வயரில் 5 வோல்ற், 2 அம்பியரை ஒரு மீற்றருக்கு மேல் இழுத்தால் வழியிலேயே 1 வோல்ற் அளவு தொலையும். கருவி சார்ஜ் காட்டும், ஆனால் அதன் பற்றரி இறங்கிக்கொண்டே போகும். 12 வோல்ற்றைத் தடித்த வயரில் முன்னே கொண்டுவந்து, அங்கே 5 ஆக்கினால் இந்தத் தொல்லை இல்லை.

இணைப்புகளை லக்ஸ் அமுக்கிச் செய்வதையே விரும்புகிறேன். ஈயம் உருக்கினால் இணைப்புக்குப் பக்கத்தில் வயர் கம்பி போல விறைத்துவிடும், நம் கிறவல் பாதையின் அதிர்வில் அந்த இடத்திலேயே முறியும். வயரைக் கடித்துப் பிடிக்கும் நீலப் பிளாஸ்ரிக் கிளிப்புகளும் வேண்டாம். உள்ளே இழைகளை வெட்டும், மாரி மழைத் தண்ணீர் புகுந்து பச்சை பிடிக்கும். சுருங்கும் குழாய்க்கு லைற்றர் பிடிப்பதானால் பெற்றோல் ராங்கியைக் கழற்றித் தூர வைத்துவிட்டுச் செய்யுங்கள்.

இனி வயர் போகும் வழி. முழு நீளத்தையும் நெளிவுக் குழாய்க்குள் விட்டு, வண்டியின் சொந்த வயர்க்கட்டோடு சேர்த்துக் கட்டிக்கொண்டு வாருங்கள். எஞ்சின் தலையையும் அக்சிலேற்றர் கேபிளையும் தொடக்கூடாது. கழுத்துப் பகுதியில் கொஞ்சம் தளர்வு விடுங்கள். ஹாண்டிலை இரண்டு பக்கமும் கடைசி வரை பத்துத் தரம் திருப்பி, வயர் இழுபடுகிறதா, எங்காவது உரசுகிறதா என்று விரலால் தடவிப் பாருங்கள். என் வயர் தேய்ந்தது அந்த இடத்தில்தான். கருவிக்குள் நுழையுமுன் வயரைச் சற்றுக் கீழே தொங்கவிட்டு மேலே எடுத்தால், வழியும் தண்ணீர் அந்த வளைவில் சொட்டிவிடும்.

மின் கொடுத்துப் பார்த்தல்

பற்றரியைப் பூட்டி, பியூஸைச் செருகித் திறப்பைப் போடுங்கள். ரிலே 'டிக்' என்று அடிக்க வேண்டும். கருவியைச் செருகுமுன் கொன்வேட்டரின் வெளிவாயிலை அளந்து பாருங்கள். 5.0 முதல் 5.2 வரை இருந்தால் செருகலாம். எஞ்சினை இயக்கி இன்னொரு தரம் அளந்தால் அதே அளவுதான் காட்ட வேண்டும்.

கடைசியாகக் கசிவு. திறப்பை மூடி, பற்றரியின் மைனஸைக் கழற்றி, மீற்றரை அம்பியருக்கு மாற்றி (சிவப்பு வயரையும் அதற்குரிய ஓட்டைக்கு மாற்ற வேண்டும்) மைனஸுக்கும் கழற்றிய வயருக்கும் நடுவில் வையுங்கள். ரிலே வைத்த வேலை சரியாக இருந்தால், நாம் பூட்டியதால் எதுவும் கூடியிருக்காது. நம் பியூஸைப் பிடுங்கி மறுபடி அளந்து ஒப்பிட்டால் தெரியும். மீற்றர் அப்படி இருக்கும்போது வண்டியை ஸ்ரார்ட் செய்யாதீர்கள், மீற்றர் எரிந்துவிடும்.

திரையைப் பார்வைக்கு நேராக, ஆனால் மீற்றர்பெட்டியை மறைக்காமல் பூட்டுங்கள். போகும் இடத்தை வண்டி நிற்கும்போது பதியுங்கள். இன்னொன்று, இங்கே மட்டும் சொல்ல வேண்டியது: வரைபடம் காட்டுக்குள்ளால் குறுக்குவழி காட்டினாலும், ஊர்ச்சனம் போகாத தடத்தில் இறங்காதீர்கள். மண்டையோடு போட்ட சிவப்புக் கண்ணிவெடிப் பலகை எந்தச் செய்மதிக்கும் தெரியாது. பின்நேரம் என்றால் யானையும் நிற்கும்.

மீதிப் பியூஸ்களை ஒரு சிறு பையில் போட்டுச் சீற்றுக்கடியில் ஒட்டி வையுங்கள். பியூஸ் எரிந்தால் 10 அம்பியர் பியூஸோ, சிகரெட் பெட்டித் தாளோ வைத்து ஓட்டக்கூடாது. அதே 3 அம்பியரைப் போடுங்கள். அதுவும் உடனே எரிந்தால் கூட்டைத் திறந்தபடியே விட்டு வீட்டுக்கு வாருங்கள். கொன்வேட்டர் மட்டும்தான் நிற்கும், வண்டி ஓடும். பகலில் சீற்றைக் கழற்றி, கழுத்துப் பகுதியிலிருந்து தேடத் தொடங்குங்கள்.