‘ஸ்க்ரப்’ என்று காதில் விழுந்தால் என்ன செய்வது?

இங்கிலாந்துக்கு வேலைக்குப் போய் நான்கு மாதமே ஆன ஒரு பெண், டிசம்பரில் எனக்குப் போன் செய்து அழுதாள். வார்டில் கிறிஸ்துமஸ் விருந்து. அம்மா கொடுத்தனுப்பிய மயில்கழுத்து நிறப் பட்டுப்புடவையைக் கட்டிக்கொண்டு போயிருக்கிறாள். அங்கிருந்த மூத்த சிஸ்டர் இவளை ஏற இறங்கப் பார்த்துவிட்டு, “யூ ஸ்க்ரப் அப் வெல்!” என்றாராம். “அப்போ மத்த நாளெல்லாம் நான் அழுக்கா இருக்கேன்னு அர்த்தமா சிஸ்டர்?” என்று கேட்டாள்.

இல்லவே இல்லை. நன்றாக உடுத்தி வந்தவரைப் பார்த்து, ‘உனக்கு எவ்வளவு எடுப்பாக இருக்கிறது!’ என்று அங்கே மனதாரச் சொல்லும் பாராட்டு அது. வகுப்பிலேயே நான் சொல்லித் தந்திருக்க வேண்டும். அன்றிலிருந்து இந்த ஒரு சொல்லுக்கு ஒரு முழு மாலையை ஒதுக்கிவிட்டேன்.

திருச்சியில் 22 வருடம் ஆபரேஷன் தியேட்டரில் நர்ஸாக இருந்தவள் நான். இப்போது வெளிநாடு போகிற நர்ஸ்களுக்கு வீட்டு மாடியில் ஆங்கிலம் சொல்லித் தருகிறேன். நீளமான மருத்துவச் சொற்களில் இந்தப் பெண்கள் தடுமாறுவதே இல்லை. இப்படிப்பட்ட சின்னச் சொற்கள்தான் காலை வாரிவிடுகின்றன. ‘ஸ்க்ரப் என்றால் தேய்த்துக் கழுவுதல்’ என்று பள்ளியில் ஒரே ஒரு அர்த்தத்தை மனப்பாடம் செய்ததால் வந்த வினை.

முதலில் பயத்தை விடுங்கள். அம்மா ‘பாத்திரத்தை விளக்கு’ என்கிறார். தமிழ் டீச்சர் ‘இந்தச் செய்யுளை விளக்கு’ என்கிறார். கார்த்திகை வந்தால் வாசலில் விளக்கு வைக்கிறோம். வீட்டையும் பெருக்குகிறோம், எட்டை ஐந்தாலும் பெருக்குகிறோம். இதில் நாம் யாரும் குழம்பியதில்லை. யார் சொல்கிறார்கள், எந்த இடத்தில் சொல்கிறார்கள், எந்தப் பொருளோடு சேர்த்துச் சொல்கிறார்கள் என்று நம்மை அறியாமலே பார்த்துக்கொள்கிறோம். அதே பார்வையை ஸ்க்ரப்பிடம் திருப்புங்கள்.

இடத்தில் இருந்து தொடங்குவோம். தியேட்டரில் கேட்டால், அது அறுவை சிகிச்சைக்குக் கையைத் தயார் செய்வது. நான் சேர்ந்த காலத்தில் பிரஷ்ஷால் நகக்கண், விரலிடுக்கு, முழங்கை வரை தேய்ப்போம். குளிர்காலத்தில் தோல் எரியும். 2009-இல் உலக சுகாதார நிறுவனம் வெளியிட்ட கைச்சுத்த வழிகாட்டியில், தோலைக் கெடுக்கும் என்பதால் பிரஷ்ஷைத் தவிர்க்கச் சொல்லிவிட்டார்கள். கிருமிநாசினி சோப்பால் 2 முதல் 5 நிமிடம் கழுவினால் போதும். கைகள் முழங்கையைவிட உயரமாக இருக்க வேண்டும், தண்ணீர் விரல் நுனியிலிருந்து முழங்கைப் பக்கமாக வழிய வேண்டும். பிரஷ் போய்விட்டது, ஸ்க்ரப் என்ற பெயர் மட்டும் நின்றுவிட்டது. அதனால்தான் தியேட்டரில் இந்தச் சொல்லைத் ‘தேய்’ என்று மனதுக்குள் மொழிபெயர்க்காதீர்கள் என்கிறேன். ‘கிருமி நீக்கித் தயாராகு’ என்று வைத்துக்கொள்ளுங்கள்.

இந்த அர்த்தத்திலிருந்து ஒரு குடும்பமே கிளைத்திருக்கிறது. ஸ்க்ரப் நர்ஸ் என்பவர் கை கழுவி, கவுன், கிளவுஸ் போட்டு மேஜைக்குப் பக்கத்தில் நின்று கருவிகளை எடுத்துக் கொடுப்பவர். வயிற்றைத் தைத்து மூடுவதற்கு முன் கருவிகளையும் மாப்களையும் எண்ணிச் சரிபார்ப்பதும் அவர் வேலை. (நம் ஊர்த் தியேட்டரில் ரத்தம் ஒற்றுகிற பெரிய துணிக்கு மாப் என்றுதான் பெயர். வீட்டில் தரை துடைக்கிற மாப் வேறு. புதிதாக வரும் பெண்களுக்கு அதையும் சொல்லிவிடுவேன்.) கடைசியில் ஒரு ‘ஸ்’ சேர்த்து ஸ்க்ரப்ஸ் என்றால் உடுப்பு, அந்தத் தொளதொள சட்டையும் பேன்ட்டும். ‘யுவர் ஸ்க்ரப்ஸ் ஆர் இன் த லாக்கர்’ என்று யாராவது சொன்னால் லாக்கரில் இருப்பது துணிதான்.

அடுத்து, ஒட்டி வரும் சின்னச் சொல்லைக் கவனியுங்கள். ‘ஸ்க்ரப் இன்’ என்றால் கை கழுவித் தயாராகி ஆபரேஷனில் சேர்ந்துகொள்வது. ‘ஸ்க்ரப் அவுட்’ என்றால் பாதியிலோ முடிவிலோ கவுனைக் கழற்றி விலகிக்கொள்வது. ‘ஸ்க்ரப் அப்’ தியேட்டரில் கை கழுவுவது, விருந்தில் அந்தப் பட்டுப்புடவைப் பாராட்டு.

வார்டில் ‘ஸ்க்ரப் த ஹப்’ என்று சுவரொட்டியே இருக்கும். ஐவி லைனில், அதாவது ரத்தக்குழாய்க்குள் மருந்து போகும் குழாயில், ஊசி மருந்து ஏற்றும் முன், அதன் மூடிமுனையை (அதுதான் ஹப்) ஆல்கஹால் துடைப்பானால் 15 விநாடியாவது அழுத்தித் துடைக்க வேண்டும். இங்கே உண்மையிலேயே தேய்க்கத்தான் வேண்டும். சும்மா ஒரு ஒற்று ஒற்றிவிட்டுப் போனால் கிருமி நேராக ரத்தத்துக்குள் போய்விடும்.

இப்போது சொல்லப்போவதை நோட்டில் சிவப்பு மையால் எழுதச் சொல்வேன். டாக்டர் போனில் மருந்து சொல்கிறார்: ‘கிவ் ஃபைவ் மில்லிகிராம். நோ, ஸ்க்ரப் தட், டூ பாயிண்ட் ஃபைவ்.’ இங்கே எதையும் கழுவ வேண்டியதில்லை. ‘முன்பு சொன்னதை அடித்துவிடு’ என்று அர்த்தம். ஐந்து கிடையாது, இரண்டரை. இதைத் தவறவிட்டால் நோயாளிக்கு இரண்டு மடங்கு மருந்து போய்விடும். சொன்னதைக் குறித்துக்கொண்டு, ‘டூ பாயிண்ட் ஃபைவ் மில்லிகிராம், சரிதானே டாக்டர்?’ என்று திருப்பிப் படித்துக் காட்டாமல் போனை வைக்கவே கூடாது. ‘தட், இட், த பிளான்’ போன்றவை பின்னால் வந்து, அங்கே தேய்ப்பதற்கு ஒரு பொருளே இல்லை என்றால் ரத்து என்ற அர்த்தமா என்று பாருங்கள். ராக்கெட் செய்திகளிலும் இதே அர்த்தம்தான். 2022-இல் ஆகஸ்ட் 29-ஆம் தேதியும் செப்டம்பர் 3-ஆம் தேதியும் நாசாவின் ஆர்டெமிஸ் 1 ஏவுதல் ‘ஸ்க்ரப்’ ஆனது என்று படித்திருப்பீர்கள். அன்றைக்கு ஏவுவதைக் கைவிட்டார்கள். நவம்பர் 16-இல் அது கிளம்பியது.

இனி ஸ்க்ரப் டைஃபஸ் என்ற காய்ச்சல். இங்கே ஒரு மருத்துவமனையில், காய்ச்சலோடு வந்த குழந்தையின் அம்மாவுக்கு ஒரு கைப்பிரதி கொடுத்தார்கள். அதில் யாரோ ‘தேய்ப்புக் காய்ச்சல்’ என்று மொழிபெயர்த்திருந்தார்கள். அந்த அம்மா என் கையைப் பிடித்துக்கொண்டு, “நாரை வச்சு முதுகு தேய்ச்சுக் குளிப்பாட்டினேன் சிஸ்டர், அதனாலயா?” என்று கேட்டார். அந்த முகம் இன்னும் கண்ணிலேயே நிற்கிறது. செய்யாத தப்புக்கு ஒரு தாய் தன்னைத்தானே குற்றம் சொல்லிக்கொண்டிருந்தார், ஒரு தவறான சொல்லால்.

இந்த ஸ்க்ரப் பிறப்பிலேயே வேறு சொல். கழுவுகிற ஸ்க்ரப் டச்சு, வட ஜெர்மன் பேச்சுப் பக்கமிருந்து ஆங்கிலத்துக்கு வந்தது. புதர் என்ற பொருள் கொண்ட ஸ்க்ரப், ‘ஷ்ரப்’ என்ற செடிச்சொல்லின் உடன்பிறப்பு. நம் ஊர் முள்காட்டையும் ‘ஸ்க்ரப் ஜங்கிள்’ என்றுதான் வனத்துறைப் பலகைகளில் எழுதுகிறார்கள். புதரிலும் உயர்ந்த புல்லிலும் வாழும் கண்ணுக்கு எளிதில் தெரியாத ஒரு சிறு பூச்சியின் இளம்பருவம் கடித்து இந்தக் காய்ச்சல் வருகிறது. இரண்டாம் உலகப் போரில் பர்மா காடுகளில் ஏராளமான சிப்பாய்களைப் படுக்கவைத்தது இதுதான். கடித்த இடத்தில் பல பேருக்கு சிகரெட்டால் சுட்டது போலக் கருப்புப் பொருக்கு இருக்கும். அக்குள், தொடையிடுக்கு, மார்புக்குக் கீழே என்று மறைவான இடங்களில் தேடுங்கள். சீக்கிரம் கண்டுபிடித்தால் டாக்ஸிசைக்ளின் என்ற மருந்து நன்றாகக் கேட்கும். ஆகவே ஸ்க்ரப்புக்குப் பின்னால் நோயோ, காடோ, நிலமோ வந்தால் சோப்பை மறந்துவிட்டுப் புதரை நினையுங்கள்.

மிச்சத்தை வேகமாகச் சொல்லிவிடுகிறேன். ஃபேஸ் ஸ்க்ரப் முகத்தில் தேய்க்கும் சொரசொரப்பான பூச்சு. வீடியோவை ஸ்க்ரப் செய்வது, கீழே உள்ள கோட்டில் விரலை வைத்து முன்னும் பின்னும் இழுப்பது. ஆலைப் புகைபோக்கியில் இருக்கும் ஸ்க்ரபர், புகையிலிருந்து நச்சு வாயுவைப் பிரித்தெடுக்கும் கருவி. மயக்க மருந்து மெஷினில் சோடா லைம் டப்பா இருக்கிறதே, நோயாளி விடும் கார்பன் டை ஆக்சைடைப் பிடித்துக்கொள்வதற்காக, அதுவும் அந்த வகைதான். 1970-இல் அப்பல்லோ 13 விண்கலத்தில் மூன்று பேர் உயிரோடு திரும்பியதற்கு, சதுரப் பெட்டி ஸ்க்ரபரை பிளாஸ்டிக் பை, அட்டை, டேப் வைத்து வட்டத் துளைக்கு இணைத்ததும் ஒரு காரணம்.

சரி, பயிற்சிக்கு வருவோம். கீழே உள்ள மூன்றையும் தமிழில் எழுதுங்கள். ‘தேய்’ என்ற சொல்லை மூன்றில் ஒன்றுக்குத்தான் பயன்படுத்தலாம்.

‘ஷீ ஸ்க்ரப்ட் இன் அட் எய்ட்.’

‘ஸ்க்ரப் த ஃப்ளோர் பிஃபோர் லன்ச்.’

‘ஸ்க்ரப் த டென் ஓ கிளாக் டோஸ்.’