நாவல்: பழத்திலும் கொட்டையிலும் நாம் செய்யும் தவறுகள்

ஆடி பிறந்துவிட்டால் எங்கள் தெருவுக்கு நாவல் பழ வண்டி வந்துவிடும். படியில் அளந்து, மேலே சிட்டிகை உப்பைத் தூவிப் பொட்டலம் கட்டித் தருவார் வண்டிக்காரர். சென்ற ஆண்டு அவரிடம் வந்த பலரும் பழத்தைவிடக் கொட்டையைத்தான் விசாரித்தார்கள். "கொட்டை மட்டும் தனியாகக் கிடைக்குமா?" அவரும் அலுக்காமல், "பழத்தைத் தின்றுவிட்டுத் துப்புங்கள், கிடைக்கும்" என்று சொல்லிக்கொண்டிருந்தார்.

கேட்டவர்கள் எல்லாரும் சர்க்கரை நோய்க்காரர்கள், அல்லது அவர்களுடைய வீட்டார். என் பெரியப்பாவும் அந்தக் கூட்டத்தில் ஒருவர். பதினைந்து ஆண்டுகளாக எடுத்துவந்த மாத்திரையை ஓர் ஆவணியில் நிறுத்திவிட்டு, காலையும் மாலையும் நாவல் கொட்டைப் பொடிக்கு மாறினார். முதல் வாரம் வெறும் வயிற்றில் பார்த்தபோது 130. அவருக்குப் பெருமை தாங்கவில்லை. அதே வாரம் இரவுச் சாப்பாட்டை இரண்டு இட்லியாகக் குறைத்திருந்தது அவர் கணக்கில் வரவில்லை. ஐந்தாவது வாரம், காலில் பட்ட சிராய்ப்பு ஆறவில்லையே என்று பார்த்தால் 310. "பொடி பழசாகிவிட்டது போல" என்றார். மாத்திரையை விட்டதுதான் காரணம் என்று ஒப்புக்கொள்ள அவருக்கு இன்னும் மூன்று நாள் ஆயிற்று.

நாவலில் நாம் செய்யும் தவறுகளில் முதலாவதும் பெரியதும் இதுதான். சித்த மருத்துவத்திலும் ஆயுர்வேதத்திலும் கொட்டைக்கு மதுமேகத்தில், அதாவது சர்க்கரை நோயில், இடம் உண்டு; அதை மறுக்கவில்லை. எலிகளுக்குக் கொட்டைச் சாற்றைக் கொடுத்தபோது சர்க்கரை குறைந்ததாகப் பல ஆய்வுகள் சொல்கின்றன. மனிதர்களிடம் கிடைத்துள்ள சான்று அந்த அளவுக்கு இல்லை. பிரேசிலில் நாவல் இலைத் தேநீர் நாட்டு மருந்தாக வழக்கில் இருப்பதால், அதைச் சர்க்கரை நோயாளிகளுக்குக் கொடுத்தே பார்த்தார்கள். ஒப்பிட்டுப் பார்க்கக் கொடுத்த மாத்திரை சர்க்கரையைக் குறைத்தது. இலைத் தேநீர் குறைக்கவில்லை. இலை வேறு, கொட்டை வேறு என்று ஒருவர் வாதிடலாம். வாதம் சரிதான். ஆனால் அதை நம்பி மாத்திரையைப் பரணில் போட முடியாது.

இதற்கு நேர் எதிரான தவறும் நடக்கிறது. மாத்திரையையும் விடாமல், பொடியையும் சேர்த்துக்கொண்டு, டாக்டரிடம் வாய் திறக்காமல் இருப்பது. கிளிமிபிரைடு போன்ற மாத்திரையோ இன்சுலினோ எடுப்பவருக்குச் சர்க்கரை இறங்கினால் வியர்வை, நடுக்கம், தலைசுற்றல் வரும். என்ன மாத்திரை எடுக்கிறீர்கள் என்று டாக்டர் கேட்கும்போது பொடியும் அந்தப் பட்டியலில் வர வேண்டும். அறுவை சிகிச்சைக்கு நாள் குறித்திருந்தால் கட்டாயம் வர வேண்டும். அளவும் "ஒரு கை" என்பதல்ல. ஆயுர்வேத மருந்தியல் நூல் கொட்டைப் பொடிக்குச் சொல்லும் அளவு 3 முதல் 6 கிராம். அதுவும் மருத்துவர் ஆளைப் பார்த்துச் சொல்ல வேண்டிய அளவு.

அடுத்தது இரும்புச்சத்து. பழம் கறுப்பு, சாறு ஊதா, ஆகவே இரத்தம் ஊறும் என்று ஒரு கணக்கு. அந்த நிறம் ஆந்தோசயனின் என்னும் நிறமி தருவது. அதில் இரும்புக்கு வேலையில்லை. போதாக்குறைக்கு, நாவலின் துவர்ப்புக்குக் காரணமான டானின், நாம் உண்ணும் இரும்பைப் பிடித்துக்கொண்டு குடலில் சேரவிடாமல் செய்யும். இரத்தசோகைக்கு மாத்திரை எடுக்கும் பெண்கள், மாத்திரையோடு சேர்த்து நாவல் பொடியையும் விழுங்கினால் இட்ட உரத்தைத் தானே அள்ளி வெளியே போட்டதுபோல ஆகும். இரண்டுக்கும் நடுவே சில மணி நேரமாவது இடைவெளி வேண்டும்.

இனிப் பொடி செய்வது. என் அத்தை செய்வதைப் பார்த்துத்தான் மற்றவர்கள் எங்கே சறுக்குகிறார்கள் என்று எனக்குப் புரிந்தது. பெரும்பாலானோர் துப்பிய கொட்டையை அப்படியே முறத்தில் பரப்பிவிடுகிறார்கள். அதில் ஒட்டியிருக்கும் சதை இனிப்பு. எறும்பு வரும், ஆடிச் சாரல் வந்தால் இரண்டாம் நாளே வெண்பூஞ்சையும் வரும். அத்தை கொட்டைகளைத் தண்ணீரில் போட்டு, அரிசி களைவதுபோலத் தேய்த்து, வழவழப்பு போகும்வரை நாலு தண்ணீர் மாற்றுவாள். ஒன்றன்மேல் ஒன்று விழாமல் துணியில் பரப்பி, மூன்று நான்கு நாள் நல்ல வெயிலில் காயவைப்பாள். பிறகு மேலோட்டை நகத்தால் நெருடினால் உரிந்து வரும். உள்ளே பச்சை கலந்த பருப்பு இரண்டாகப் பிளக்கும். பலர் இந்த இடத்திலேயே மிக்ஸியில் போட்டுவிடுகிறார்கள். பருப்புக்குள் ஈரம் இருக்கும். பிளந்ததை மறுபடி காயவைக்க வேண்டும். கடித்தால் பல்லில் ஒட்டாமல் "டக்" என்று உடைய வேண்டும். அரைத்த சூடு ஆறும்முன் டப்பாவில் அடைத்தால் மூடியின் உட்புறம் வேர்த்து, அந்த ஈரம் பொடியிலேயே சொட்டும்.

வாடை மாறிய பொடியை "வீணாகிறதே" என்று வறுத்துப் பயன்படுத்துபவர்களைப் பார்த்திருக்கிறேன். பூஞ்சை விட்டுப்போன நச்சு வாணலிச் சூட்டில் போகாது. கல்லீரலைத்தான் பதம் பார்க்கும். குப்பையில் கொட்டுங்கள்.

பழத்துக்கு வருவோம். சிவந்த பழத்தை வாங்கி இரண்டு நாள் வைத்தால் பழுத்துவிடும் என்று நினைப்பது வீண். வாழை, மா போலப் பறித்த பின் பழுக்கும் வகை அல்ல இது. மரத்தில் கறுத்ததுதான் பழம். மற்றது தொண்டையைக் கட்டும். வாங்கிய அன்றோ மறுநாளோ தின்று தீர்த்துவிட வேண்டும். சர்க்கரை நோய்க்காரர்கள் பழத்தையும் மருந்தாக எண்ணி அரைக் கிலோவை ஒரே மூச்சில் காலி செய்வதும் உண்டு. 100 கிராமில் ஏறக்குறைய 14 கிராம் மாவுச்சத்து இருக்கிறது. ஒரு கைப்பிடி போதும். சர்க்கரை சேர்த்துப் பாட்டிலில் வரும் நாவல் சாற்றைப் பற்றிப் பேசவே வேண்டாம்.

கீழே விழுந்ததைப் பொறுக்கலாமா? ஔவைக்கு முருகன் உலுக்கிப்போட்ட சுட்ட பழம் காட்டு மண்ணில் விழுந்தது. நம்முடையது நெடுஞ்சாலை ஓரப் புழுதியில் விழுகிறது. தோல் மெல்லியது, விழுந்ததும் வெடித்து மண் உள்ளே போய்விடும். ஊதினால் போதாது. ஓடும் தண்ணீரில் கழுவுங்கள். வெடித்தது, பல் பட்டது எதையும் தொடாதீர்கள். நாவல் மரத்துக்கு இரவில் வௌவால் வரும். வௌவால் வழியாகத் தொற்றும் நிபா வைரஸ் கேரளத்தில் 2018இல் பரவியபோது, கடிபட்ட பழங்களைத் தின்ன வேண்டாம் என்று எச்சரித்தது காரணத்தோடுதான்.

பறிக்க ஏறுபவர்களுக்கும் ஒரு வார்த்தை. நாவல் கிளை பருத்து, உறுதியாகத்தான் தெரியும். பாரம் ஏறியதும் முன்னறிவிப்பே இல்லாமல் முறியும். டெல்லியில் சாலையோர நாவல் மரங்களைக் குத்தகைக்கு எடுப்பவர்கள், கீழே நாலு பேர் விரிப்பின் முனைகளைப் பிடித்து நிற்க, கிளையை உலுக்கிப் பழத்தை அதில் ஏந்துகிறார்கள். பழமும் நசுங்காது. வாய்ப்புண்ணுக்குக் கொப்பளிக்கப் பட்டை வேண்டுமென்றால் ஒரு பக்கத்தில் விரலகலம் எடுங்கள். தண்டைச் சுற்றி வளையமாக உரித்தால் மரம் பட்டுப்போகும். சாலையோரத்தில் அப்படி நிற்கும் மரங்களைப் பார்க்கும்போது எனக்குக் கோபம்தான் வருகிறது.

நடுவதிலும் அவசரம் கூடாது. சுவரை ஒட்டியோ, கார் நிற்கும் இடத்திலோ வைத்தால் ஆடி, ஆவணி முழுக்கத் தரையும் காரும் ஊதா. வீட்டிலிருந்து பத்து மீட்டராவது தள்ளுங்கள். விதைக் கன்று காய்க்க எட்டு, பத்து ஆண்டு ஆகும். ஒட்டுக்கன்று நான்கைந்து ஆண்டில் காய்க்கும். லக்னோவில் கொட்டை இல்லாத ரகம்கூட உருவாக்கியிருக்கிறார்கள். பொடிக்காக மரம் வளர்க்க நினைப்பவர் அதைத் தெரியாமல் வாங்கிவிட்டால் வேடிக்கைதான்.

விதை போடுபவர்கள் கொட்டையைக் காயவைத்து, டப்பாவில் பத்திரப்படுத்தி, தை மாதம் எடுத்து ஊன்றுகிறார்கள். ஒன்றும் முளைக்காது. நாவல் கொட்டைக்கு நெல், பயறு போல உறங்கிக் கிடக்கத் தெரியாது. இரண்டு வாரம் போனால் உயிர் போய்விடும். தின்ற கையோடு மண்ணில் ஊன்ற வேண்டும். ஒரு கொட்டைக்குள் ஒன்றுக்கு மேற்பட்ட கரு இருப்பதால் இரண்டு மூன்று முளைகள் சேர்ந்தே வரும். சென்ற ஆடியில் வண்டிக்காரரிடம் வாங்கிய பழத்தின் கொட்டை ஒன்றை அத்தை அன்றே தொட்டியில் புதைத்தாள். பன்னிரண்டாம் நாள் மூன்று தலை நீட்டின. வலுவானதை மட்டும் நிறுத்திக்கொண்டு, மற்ற இரண்டைப் பெரியப்பா வீட்டுக்குக் கொடுத்தனுப்பினாள்.